மாற்றக் கூடாத ஒயர்

அத்தானுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. என் அக்காவை அவருக்குக் கட்டிக்கொடுத்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. இந்த இருபத்தைந்து வருடத்தில் அவர் கழற்றிய ஒரு திருகாணி வேறொரு ஓட்டைக்குள் போய் நான் பார்த்ததில்லை. எந்த இயந்திரத்தைத் திறந்தாலும் முதலில் பையிலிருந்து ஒரு கட்டு மஞ்சள் அட்டைகளை எடுப்பார். ஒவ்வொரு ஒயருக்கும் நூல் கட்டி ஒரு அட்டையைத் தொங்கவிட்டு, அது எங்கிருந்து வந்தது என்று எழுதுவார். வேலை முடிந்ததும் எல்லாம் வந்த இடத்துக்கே போகும். "கழட்டின எடத்துலயே மாட்டு" என்பதுதான் அவருடைய மொத்தச் சித்தாந்தம். லிஃப்டுக்கு அது சரி. எல்லாவற்றுக்கும் சரி என்று அவர் நினைத்ததில்தான் வினை வந்தது.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கிறவன். ஊரார் பார்வையைச் சரிசெய்து வயிறு வளர்க்கிறேன். அக்கா வீட்டுக்கு மேல்மாடியில் ஒண்டிக்கட்டையாகக் குடியிருப்பதால் இரண்டு வேளைச் சாப்பாடும் அந்த வீட்டுப் பஞ்சாயத்துகளும் எனக்கு இலவசம்.

அந்த வீட்டுக் கூடத்தின் மூலையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. வயது பதிமூன்று. ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் குளித்துவிட்டு வந்தால் திரை வந்திருக்கும். அதன் எதிரே சக்கர நாற்காலி ஒன்று, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். நாற்காலி அத்தானுடையது. ஸ்டூல் அவர் மகளுடையது. அவளுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. கடல் தாண்டிப் போய் இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் நாங்கள் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம்.

பாப்பாவுக்கு ஒன்பது வயதில் வாங்கிய கம்ப்யூட்டர் அது. கடையில் மாட்டிக் கொடுக்கக் காசு கேட்டார்கள் என்று அத்தான் பெட்டி பெட்டியாக வீட்டுக்குக் கொண்டுவந்து தரையில் பரப்பினார். அப்பாவும் மகளும் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து மாட்டினார்கள். வழக்கம்போல மஞ்சள் அட்டைகள் வெளியே வந்தன. எழுதும் வேலை பாப்பாவுக்கு. மவுஸ் ஒயர், ஸ்பீக்கர் ஒயர் என்று எல்லாவற்றிலும் கோணல்மாணலாக எழுதித் தொங்கவிட்டாள்.

அதற்கப்புறம் அந்த லாரி விளையாட்டு வந்தது. திரையில் ஒரு சரக்கு லாரி. ஒரு ஊரில் ஏற்றி இன்னொரு ஊரில் இறக்க வேண்டும். அவ்வளவுதான். சுடுவது, குதிப்பது, ஓடிப் பிடிப்பது எதுவும் கிடையாது. நான் பார்த்த வரையில் உலகத்திலேயே அலுப்பான விளையாட்டு அதுதான். ஆனால் இந்த இரண்டு பேருக்கும் அது போதும். ஒரே கீபோர்டு. ஸ்டீரிங் பாப்பா கையில், ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் அத்தான் கையில். "அப்பா, வளைவு வருது, குறைங்க" என்பாள். இவர் குறைப்பார். கண் ரோட்டில் இருக்கும்போது அவளுக்கு வாய் தானாகத் திறக்கும். எந்தத் தோழி பேசவில்லை, எந்தப் பாடத்தில் மதிப்பெண் போனது, யாரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, எல்லாம் அந்த லாரியில்தான் வெளியே வரும். சாப்பாட்டு மேசையில் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள். அக்காவுக்கு இதில் பொறாமை உண்டு. அவளும் கூடத்துச் சுவருக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொள்வாள்.

பாப்பா போன பிறகு ஃபோன் மட்டும்தான். "சாப்ட்டியா?" "ம்." "படிப்பு?" "போகுது." "உடம்பு?" "நல்லா இருக்கேன்பா." இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அத்தான் ஃபோனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு கம்ப்யூட்டரைப் போடுவார். அங்கேயும் சங்கடம். பதினோரு வருடமாக ஆக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் மட்டுமே அழுத்திய மனுஷனுக்கு ஸ்டீரிங் பிடிக்கத் தெரியாது. லாரி நேராகப் போய்ப் பள்ளத்தில் இறங்கும். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அவர் சிரிக்க மாட்டார். லாரியை மறுபடி ரோட்டில் ஏற்றி, இடது கையால் திருப்பிப் பழகுவார். ஸ்டூலை மட்டும் நகர்த்த விடமாட்டார். ஒருநாள் அக்கா துணி மடித்து அதன்மேல் வைத்ததற்கு ஒரு மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

போன மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை பாப்பா கூப்பிட்டாள். குரலில் கொஞ்சம் உற்சாகம் இருந்தது.

"அப்பா, அந்த லாரி கேமோட புதுசு வந்திருக்குல்ல, நாங்க நாலஞ்சு பேர் ஞாயித்துக்கிழமை ஆன்லைன்ல வரிசையா ஓட்டுறோம். நீங்களும் வரீங்களா? உங்களுக்குச் சாயங்காலம் அஞ்சு மணி, எனக்குக் காலையில. நீங்க தனி வண்டி, நான் தனி வண்டி. பேசிக்கிட்டே போலாம்."

"வரேன்" என்றார் அத்தான், அவள் முடிப்பதற்குள்.

"இந்த மாசம் மட்டும்தான்பா முடியும். அடுத்த மாசம் லேப்ல வேலைக்குச் சேரணும். ஞாயித்துக்கிழமையும் ஷிஃப்ட் இருக்கும்."

ஆக மொத்தம் நான்கு ஞாயிறு. அதில் ஒன்று அன்றைக்கே போய்விட்டது. புது விளையாட்டை இறக்கிப் பார்த்தால் கம்ப்யூட்டர் திறக்கவே மறுத்துவிட்டது. இந்த இயந்திரத்துக்கு இதெல்லாம் ஆகாது என்று மரியாதையாக ஒரு அறிவிப்பு வந்தது. அத்தான் அந்த அறிவிப்பை, வாசலில் வந்து நின்ற கடன்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"பாப்பாகிட்ட சொல்லிராத" என்றார் என்னிடம். "அங்கேர்ந்து பணம் அனுப்பிருவா. அவளே ஒரு ரூம்ல நாலு பேரோட இருக்கா."

புதுக் கம்ப்யூட்டர் வாங்க வழியில்லை. இருப்பதையே தேற்றுவது என்று முடிவானது. வீட்டில் ஒரு தொகை இருந்தது. துணி துவைக்கும் மிஷின் சுற்றும்போது அடுக்களை வரைக்கும் நடந்து வர ஆரம்பித்திருந்ததால், புது மிஷினுக்கு என்று அக்கா சேர்த்து வைத்தது. அத்தான் கேட்கவில்லை. அக்காவே கொண்டுவந்து கொடுத்தாள்.

"துணியக் கையில துவைச்சுக்கலாம். அவளாவது வாயத் திறந்து நாலு வார்த்த பேசட்டும். எனக்கும் கேக்கணும்ல?" என்றாள்.

முதல் வாரம் ரேமும் எஸ்.எஸ்.டி.யும் வாங்கினோம். ஒன்று ஞாபகத்துக்கு, ஒன்று வேகத்துக்கு என்று கடைக்காரர் சொன்னார். அத்தான் பெட்டியைத் திறந்தார். உள்ளே பதிமூன்று வருடத் தூசி, மெத்தை மாதிரி. வேலையிடத்திலிருந்து காற்றடிக்கும் மிஷினைக் கொண்டுவந்து மொட்டைமாடியில் வைத்து ஊதினார். என் துவைத்த சட்டை மூன்றும் போச்சு. பழைய மஞ்சள் அட்டைகள் அப்படியே இருந்தன, ஓரம் மட்டும் பழுப்பாக. ஒவ்வொன்றையும் துணியால் துடைத்தார். எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே மாட்டினார். இப்போது கம்ப்யூட்டர் ஒரு நிமிடத்தில் எழுந்தது. விளையாட்டும் திறந்தது. ஆனால் லாரி ஓடவில்லை. ஒரு படம், அப்புறம் இன்னொரு படம், கல்யாண ஆல்பத்தைப் புரட்டுவது போல நகர்ந்தது. இரண்டாவது ஞாயிறும் போனது. "வேலை வந்துருச்சும்மா" என்று பாப்பாவிடம் பொய் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் மூன்று தடவை சொன்னார்.

கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். படம் காட்டும் வேலையை மட்டும் பார்க்கிற தனிப் பலகை அது. புதிது வாங்கினால் மிஷின் பணம் மட்டுமல்ல, மிஷின் வைக்கிற இடத்தையே விற்க வேண்டும். பழையது தேடினோம். ஒரு மருந்துக்கடைக்காரர் விளம்பரம் போட்டிருந்தார். வீட்டுக்குப் போனால் மனுஷர் தோளில் ஒரு கைக்குழந்தை, தொட்டிலில் இன்னொன்று. இரட்டை.

"இதுங்க பொறந்ததுல இருந்து கேம் ஆடவே இல்லீங்க. உக்காந்தா தூங்கிடறேன்" என்றார்.

எங்கள் கண்முன்னே தன் கம்ப்யூட்டரில் கார்டை ஓட்டிக் காட்டினார். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல ஓடியது. ஒரு குழந்தைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு நொடி கையை விடவில்லை. அத்தானுக்கு அது புரிந்தது என்று நினைக்கிறேன். பேரம் பேசாமல் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

கார்டு பெட்டியைவிட இரண்டு விரற்கடை நீளம். லிஃப்ட் கதவையே அறுத்துப் பொருத்துகிறவருக்கு இது எம்மாத்திரம். உள்ளே உபயோகமில்லாமல் இருந்த ஒரு தகரத் தட்டை ரம்பத்தால் அறுத்து, அரம் போட்டு, விரலால் தடவிப் பார்த்து உள்ளே நுழைத்தார். மின்சாரம் கொடுக்கும் பெட்டியையும் மாற்றினார். "மோட்டார் பெருசானா கயிறும் பெருசாகணும்" என்றார். புது ஒயர்களுக்குப் புது அட்டை எழுதினார். பழைய ஒயர்கள் எல்லாம் அததன் இடத்துக்குப் போயின. மூன்றாவது ஞாயிறு மதியத்துக்குள் எல்லாம் தயார். அத்தான் குளித்து, துவைத்த சட்டை போட்டு, தலை வாரி வந்து உட்கார்ந்தார். பெண் பார்க்கப் போன அன்றுகூட இவ்வளவு சிரத்தை இல்லை என்றாள் அக்கா.

விளையாட்டைத் திறந்தார். கல்யாண ஆல்பம்தான். ஒரு படம். இன்னொரு படம். லாரி ஒரு மரத்துக்கு முன்னால் இருந்தது, அடுத்த படத்தில் மரத்துக்குள் இருந்தது.

ஐந்து மணிக்கு ஃபோன் அடித்தது. அத்தான் எடுத்து, "இன்னிக்கும் முடியாது போலம்மா" என்றார்.

"பரவாயில்லப்பா. உங்களுக்குத் தோது இல்லன்னா விடுங்க" என்றாள் பாப்பா.

அந்த 'விடுங்க' அவரை என்னவோ செய்துவிட்டது. மகள் தன்னைக் கூப்பிட்டு மூன்று தடவையும் தான் வரவில்லை என்று அவள் மனதில் பதிந்துவிட்டதே என்று தவித்தார். ஸ்டூலை ஒரு தடவை தொட்டார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. மருந்துக்கடைக்காரருக்கு ஃபோன் போட்டேன். நல்ல கார்டைக் காட்டிவிட்டு ஓட்டைக் கார்டைக் கட்டிக் கொடுத்துவிட்டாயே, ரெண்டு பிள்ளை பெத்தவன் பண்ற காரியமா இது என்று பொரிந்து தள்ளினேன். பின்னணியில் இரண்டு குழந்தைகளும் அழுதன. "சார், ஒரு நிமிஷம், நீங்க திரையோட ஒயர..." என்று அவர் ஆரம்பித்தார். சப்பைக்கட்டு கேட்க எனக்குப் பொறுமையில்லை. வைத்துவிட்டேன்.

வாரம் முழுக்க அத்தான் வேலையிலிருந்து வந்ததும் பெட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். கழற்றுவார், துடைப்பார், அட்டையைப் படிப்பார், அதே இடத்தில் மாட்டுவார். கார்டின் விசிறி சுற்றியது. மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. ஒரு குறையும் இல்லை, ஆனால் லாரி நகரவில்லை. இப்படிப்பட்ட லிஃப்ட் இருந்தால் பேய் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வோம் என்றார்.

கடைசி ஞாயிறு வந்தது. நாலே முக்காலுக்கு அக்கா பொறுமை இழந்தாள். யாரையும் கேட்காமல் தன் ஃபோனில் பாப்பாவுக்கு வீடியோ போட்டாள்.

"உங்கப்பா ஒரு மாசமா இந்த டப்பாவோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காரு. வேலையும் இல்ல, வெட்டியும் இல்ல. எல்லாம் உங்கூட லாரி ஓட்டத்தான். நீயே பாத்துக்க" என்று சொல்லி, ஃபோனை அத்தான் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். உள்ளே என்றால் சுவருக்குப் பின்னால்.

திரையில் பாப்பாவின் முகம். தூங்கி எழுந்த முகம். ஒரு குட்டி அறை, பின்னால் அடுக்குக் கட்டில்.

"என்னப்பா வாங்குனீங்க?"

அத்தான் தப்பு செய்தவர் மாதிரி வரிசையாகச் சொன்னார். கார்டு பெயரைக் கேட்டதும் பாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அது நல்ல கார்டுப்பா! என்கிட்ட இருக்கறதவிட நல்லது. ஓடணுமே. ஃபோனப் பெட்டிக்குப் பின்னாடி கொண்டு போங்க."

நான் டார்ச் அடித்தேன். அத்தான் ஃபோனைப் பிடித்தார். மஞ்சள் அட்டைகள் வரிசையாகத் தொங்கின. கீழே புதுக் கார்டின் வாய்கள் மூன்றும் காலியாக இருந்தன. திரையிலிருந்து வந்த ஒயர் மேலே, பழைய துவாரத்தில், இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. அதில் தொங்கிய அட்டையில் ஒன்பது வயதுக் கையெழுத்து. பென்சிலால் எழுதி, அழியக் கூடாது என்று மேலே பேனாவால் எழுதியிருந்தது.

"திரை ஒயர். இங்கதான். யாரும் மாத்தக் கூடாது. மாத்தினா அப்பாவா இருந்தாலும் டூ."

வீடியோ நின்றுவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. பாப்பா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இத இன்னுமா வச்சிருக்கீங்க?"

"நீ எழுதினதும்மா. மாத்தக் கூடாதுன்னு போட்டிருக்கியே."

"அப்பா, அது பழைய எடம். அந்த ஒயரு அங்க இருக்கற வரைக்கும் புதுக் கார்டு சும்மாதான் சுத்திக்கிட்டிருக்கும். கீழ, கார்டுல மாட்டணும்."

அத்தான் ஒயரில் கை வைத்தார், இழுக்கவில்லை. இருபத்தைந்து வருடப் பழக்கம் மட்டும் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கடல் தாண்டிப் போன பிள்ளை இந்த வீட்டில் விட்டுப்போன ஒரே உத்தரவு அது. அதையும் மீறிவிட்டால் அவளுடையது என்று அந்த மூலையில் என்ன மிச்சம்?

"அப்பா" என்றாள் பாப்பா. "நான்தானே எழுதினேன்? இப்ப நானே சொல்றேன். டூ எல்லாம் விட மாட்டேன். மாத்துங்க."

மாற்றினார். திரை இருண்டது. பிறகு வெளிச்சம் வந்தது. விளையாட்டைத் திறந்தார். ரோடு ஓடியது, மரங்கள் தள்ளித் தள்ளிப் போயின, லாரியின் முன்கண்ணாடியில் மழைத்துளிகூட வழிந்தது. பார்வையை விற்றுப் பிழைக்கிற நான், காலியாக இருந்த மூன்று துவாரங்களை ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

வாசலுக்குப் போய் மருந்துக்கடைக்காரருக்கு ஃபோன் செய்தேன். மன்னிப்புக் கேட்டேன். "நான் அதத்தானே சார் சொல்ல வந்தேன்" என்றார் பாவம். "நல்லா ஓடுதா?" என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். "மழை காட்டுச்சா? அந்த மழை ரொம்ப நல்லா இருக்கும் சார்" என்றார். குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

திரும்பி வந்தபோது இரண்டு லாரிகளும் கிளம்பியிருந்தன. தோழிகள் யாரையும் பாப்பா அன்றைக்குக் கூப்பிடவில்லை. முன்னால் அவள் வண்டி, பின்னால் இவர் வண்டி. காதில் மாட்டும் ஹெட்ஃபோன் உடைந்துபோனதால் அவள் குரல் ஸ்பீக்கரிலேயே வந்தது.

"ஸ்டீரிங் நல்லா புடிக்கிறீங்களேப்பா. எப்பக் கத்துக்கிட்டீங்க?"

"நீ போனதுக்கப்புறம்" என்றார்.

ஒரு பாலம் வந்தது, போனது. பிறகு பாப்பா பேச ஆரம்பித்தாள். முதலில் அறைத் தோழியின் குறட்டை. அப்புறம் அங்குள்ள குளிர். அப்புறம் குரல் இறங்கியது.

"எனக்கு இங்க நல்லாவே இல்லப்பா. ரெண்டு வருஷமா நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டேன். நாள் முழுக்க யாருகிட்டயும் பேசாம இருந்த நாள்லாம் இருக்கு. புது வேலைய நெனச்சா பயமா இருக்கு."

சுவருக்குப் பின்னால் அக்காவின் வளையல் சத்தம் நின்றது. அத்தான் திரும்பி வந்துவிடு என்று சொல்லவில்லை, எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல், "ம், சொல்லும்மா" என்றார். அவள் சொன்னாள். இரண்டு வருடத்துக்கும் சேர்த்துச் சொன்னாள். ஸ்டூல் பக்கத்தில் காலியாக இருந்தது. நான் அதில் உட்காரவில்லை.

திரையின் ஓரத்தில் சேர வேண்டிய ஊருக்கு இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று காட்டியது. பிறகு எட்டு. அத்தானின் வலது கை விரல் மெல்ல நகர்ந்து பிரேக்குக்குப் போனதைப் பார்த்தேன்.

"ஏம்பா ஸ்லோ பண்றீங்க? ரோடு காலியாத்தானே இருக்கு?"

"ஊரு வந்துரும்மா" என்றார் அத்தான். "வந்துட்டா நீ வச்சிருவ."

முன்னால் போன லாரியின் பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகளும் எரிந்தன. அவளும் பிரேக்கை அழுத்தியிருந்தாள்.